உட்சவ்வு 6.5 மி.மீ. என்றால் கரு தங்காதா?

கேள்வி: டாக்டர், ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை) சிகிச்சையில் இருக்கிறேன். கர்ப்பப்பையின் உட்சவ்வு 6.5 மி.மீ.தான் இருக்கிறது என்று கருவை உறைய வைத்துவிட்டு, உள்ளே வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஸ்கேனைப் பார்த்தே தங்குமா தங்காதா என்று சொல்லிவிட முடியுமா?
வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முடியாதும்மா. பொதுவாக 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது என்று பார்க்கிறோம், அதற்குக் கீழே போனால் வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது என்பதும் உண்மைதான், ஆனால் 6 மி.மீ.யில் கரு தங்கிக் குழந்தை பெற்றவர்களும் உண்டு, 10 மி.மீ. இருந்தும் தங்காமல் போனவர்களும் உண்டு. ஸ்கேன் எடுப்பவர் மாறினாலே அளவு கொஞ்சம் மாறும். கரு தங்கச் சவ்வைத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தொடங்கும் முன் சவ்வு திரையில் மூன்று கோடுகளாகத் தெரிகிறதா என்றும் பார்ப்போம். அப்புறமும் ஜோசியம் சொல்ல முடியாது, ஏனென்றால் கருவின் தரமும் முட்டை எடுத்தபோது இருந்த வயதும்தான் பெரிய விஷயம்.

தள்ளிப்போட்டதில் தப்பில்லை. உறைய வைத்த கரு காத்திருக்கும், சவ்வை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை இன்னும் சில நாள் கொடுத்துப் பார்க்கலாம். முன்பு டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்திருந்தாலோ காசநோய் வந்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உள்ளே தழும்பு இருக்கிறதா என்று ஹிஸ்டிரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டியிருக்கும். சவ்வு வளர விலை உயர்ந்த ஊசி போடலாம் என்றால், அதற்கு உறுதியான ஆதாரம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.