70 கிலோ மனிதரும் உப்பளத்து அம்மாவும்

அன்புள்ள அக்கா,

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் பக்கத்துக் கிராமத்துப் பெண். கல்லூரியில் வேதியியல் கடைசி வருடம். சுற்றுச்சூழல் சுகாதார இடர் மேலாண்மை என்ற முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. வீட்டில் பெயரைச் சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. "கொசு மருந்து அடிக்கிற வேலையா?" என்கிறார் மாமா. பாடத்திட்டத்தைப் பார்த்தால் எல்லாம் அமெரிக்க ஆலைகளும் ஐரோப்பியக் காற்றுத் தரமுமாக இருக்கிறது. அம்மா இருபது வருடமாக அளத்து வேலைக்குப் போகிறார். "படிச்சு முடிச்சிட்டு இந்த அளத்துக்கா திரும்பி வரப்போற?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் படிப்புக்கும் நம் கடற்கரைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? பெயர் வெளியிட வேண்டாம் அக்கா.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

படி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பார். உப்புத் தண்ணீர் பாத்தியில் கிடக்கும் வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒருத்தி தினமும் ஏழு மணி நேரம் அதில் நின்றால் பாதம் வெடிக்கும். எவ்வளவு, எத்தனை நேரம், எத்தனை வருடம், யார் உடம்பு என்று கேட்டு, வரப்போகும் கெடுதலை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதைக் குறைக்க வழி சொல்வதுதான் இந்தப் படிப்பு. அமெரிக்காவில் 1983இல் இதை நான்கு படிகளாக வகுத்தார்கள். எது கெடுதல் செய்யும், எந்த அளவில் செய்யும், யார் மேல் எவ்வளவு படுகிறது, கடைசியில் எத்தனை பேருக்கு என்ன ஆகும். இன்றும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் பாடம் போகிறது.

நம் பக்கத்துக்குச் சம்பந்தம் உண்டா என்று கேட்டாய். ஊருணிக்குப் போவோம். நரம்புச் சிலந்தி என்ற நோயை உன் பாட்டி வயதுக்காரர்கள் யாரிடமாவது கேட்டுப் பார். காலில் கொப்புளம் கட்டி, அதிலிருந்து முழ நீளத்துக்குப் புழு வெளியே வரும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுப்பார்கள். அந்தக் காலோடு ஒருவர் படியிறங்கித் தண்ணீரில் நின்றால் புழு குஞ்சுகளை விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் காலில் ஒரு வருடம் கழித்துப் புழு எட்டிப்பார்க்கும். இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. ஆனாலும் ஒழிந்தது. துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள், படியிறங்கும் கிணறுகளை இறைக்கும் கிணறாக மாற்றினார்கள், பூச்சியைக் கொல்லத் தண்ணீரில் மருந்து விட்டார்கள். தமிழ்நாட்டில் 1980களிலேயே நின்றுபோனது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோய் ஏறிவரும் வழியைக் கண்டுபிடித்து அந்த ஒரு இடத்தில் வெட்டிவிட்ட வேலை அது. நீ படிக்கப் போவது இதைத்தான்.

அடுத்தது மண்டபம் கேம்ப். ரயிலில் போகும்போது எத்தனை தடவை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பாய்! இப்போது இலங்கை அகதிகள் இருக்கும் முகாம் என்றுதான் நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன நம் சனங்களை இலங்கை அரசாங்கம் அங்கேதான் சில நாள் நிறுத்திவைத்தது. அம்மை குத்தி, காலரா இல்லை என்று உறுதியான பிறகே கடல் தாண்ட விட்டது. அந்தக் காலத்து அளவில் கச்சிதமான இடர் மேலாண்மை அது. ஆனால் காப்பாற்ற நினைத்தது இலங்கையை. அந்தச் சனங்களுக்கு நோயைக் கொடுத்த ஊர்த் தண்ணீர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அதனால்தான் உனக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். வகுப்பில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது யாருடைய உடம்பை வைத்துப் போட்ட எண் என்று கேள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான உலக ஆணையம் 1975இல் கணக்குக்காக ஒரு மாதிரி மனிதரை வகுத்தது. வயது 20இலிருந்து 30க்குள், எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். 10 முதல் 20 டிகிரி வெப்பமுள்ள ஊரில் வசிக்கும் வெள்ளைக்காரர். குடிதண்ணீர்த் தரத்தை வகுக்கும்போது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொள்ளும் ஆள் 60 கிலோ, நாளுக்கு 2 லிட்டர் குடிப்பவர். உன் அம்மாவின் எடை என்ன? சித்திரை வெயிலில் தாகத்துக்குத் தக்கபடி குடித்தால் 5 லிட்டராவது ஆகாதா? எடை குறைவு, தண்ணீர் அதிகம். அப்படியென்றால் தண்ணீரில் உள்ள எதுவும் அம்மா உடம்பில் கிலோவுக்கு இரண்டு, மூன்று மடங்கு சேரும். அந்தத் தரத்துக்குள் இருக்கும் தண்ணீர் அம்மாவுக்கும் அதே அளவு பாதுகாப்பா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

இனி அளம். நான் பள்ளிக்கூட லீவில் சித்தியோடு அளத்துக்குப் போயிருக்கிறேன். நிலா இருக்கும்போதே கிளம்புவார்கள். பொழுது ஏறும்போது உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள், தரையிலிருந்து வரும் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வரப்பில் ஒரு நீலக் கேன், அதன் கழுத்தில் கயிறு கட்டிய எவர்சில்வர் டம்ளர். சித்தி அதில் கால் டம்ளர் எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மிச்சத்தில் உதட்டை நனைத்துக்கொள்வார். குடிக்க மாட்டார். "ஏன் சித்தி?" என்றதற்குச் சுற்றிலும் கையைக் காட்டினார். கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்கு வெள்ளை வெட்டவெளி. ஒரு கருவச் செடி மறைவு கூட இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் எல்லாம். அவருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், நாங்கள் உடல்சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்போம்.

இதை இந்தப் படிப்பு எப்படிப் பார்க்கும் என்று சொல்கிறேன். வேலைத்தளத்து வெப்பத்தை அளக்கச் சாதாரண வெப்பமானி போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கருப்புக் கோளத்துக்குள் வைத்தது ஒன்று, சாதாரணமானது ஒன்று. வெயிலில் மூன்றையும் சேர்க்கும்போது 100இல் 70 பங்கு ஈரத்துணிக்கு, 20 கோளத்துக்கு, 10 மட்டுமே நாம் செய்தியில் கேட்கும் வெப்பத்துக்கு. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், கடல்காற்றின் ஈரம் அதைக் காயவிடாது. வேலூரில் 41 டிகிரி, நமக்கு 36தானே என்று யாராவது ஆறுதல் சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டு. சென்னை ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்கள் ஏழில் 352 பேரிடம் இப்படி அளந்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சரி, தீர்வு? பாடத்தில் ஒரு வரிசை வரும். முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் மாற்று, அப்புறம் கட்டமைப்பு, அப்புறம் வேலை நேரம், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பூட்ஸும் கண்ணாடியும். நம் ஊரில் கடைசியிலிருந்து தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். என் சித்திக்கு அந்த நோட்டீஸால் ஒரு பயனும் கிடையாது. அளத்து ஓரத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கக்கூஸும், உட்கார ஒரு கொட்டகையும்தான் அவருடைய சிறுநீரகத்துக்கு மருந்து. வெளியூரிலிருந்து வருகிறவர் வெப்பத்தை அளப்பார், கேனில் தண்ணீர் இருப்பதைக் குறித்துக்கொள்வார், போய்விடுவார். கேன் ஏன் காலியாகவில்லை என்று கேட்கத் தோன்றுவது உனக்குத்தான்.

வேலை பற்றிச் சுருக்கமாக. ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவு, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், ஆராய்ச்சி, வளைகுடா நாடுகள் என்று வாய்ப்பு உண்டு. போரூர் ராமச்சந்திராவில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. சென்னையிலேயே தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுகலையும் படிக்கலாம், அதையும் விசாரி. எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலை ஏனோதானோ என்று படிக்காதே. சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் பாத்தியில் நிற்பவரும் ஒன்றாகிவிடுவார்கள், அவர்களைப் பிரித்தெடுக்க அதுதான் கருவி. எண்ணைச் சின்னதாக்கிக் காட்டவே சம்பளம் தரும் இடங்களும் உண்டு. வீட்டுக் கஷ்டத்துக்கு அப்படியொரு வேலையில் போய் உட்கார நேர்ந்தாலும், நீ அளந்ததை மாற்றி எழுதாதே.

அம்மாவுக்கு என்ன பதில் என்றாய். திரும்பி வருவேன் என்று சொல், உப்பு வாரும் பலகையைப் பிடிக்க அல்ல என்றும் சேர்த்துச் சொல்.

மழைக்கு முன் இன்னும் சில மாதம் அளத்து வேலை இருக்கும் அல்லவா? ஒரு நோட்டுப் போடு. அம்மா எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை டம்ளர் குடிக்கிறார், முதல் தடவை ஒதுங்குவது எத்தனை மணிக்கு, தலைவலி வந்த நாள் எது. அம்மாவிடம் சம்மதம் கேட்டுவிட்டு எழுது. முடிந்தால் கூட வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொள், பெயர் வேண்டாம். ஒரு மாதம் ஆனதும் எனக்கு அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா