சீனப் பெற்றோர் படிப்பு விஷயத்தில் ஏன் அவ்வளவு கண்டிப்பு?

பாசம் இல்லாததால் அல்ல. பழங்காலச் சீன அறிஞர் கன்ஃபூசியஸ் வழிவந்த மரபில் பெற்றோரை மதித்துக் கடைசிவரை பார்த்துக்கொள்வது பிள்ளையின் தலையாய கடமை, 2013-ல் அமலான சட்டத் திருத்தமே வயதான பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கச் சொல்கிறது. ஆக, பிள்ளையின் படிப்பு பெற்றோரின் முதுமைக்கும் சேர்த்துத்தான். அப்புறம், அரசுப் பதவிக்கான தேர்வு 1905 வரை சுமார் 1,300 ஆண்டுகள் நடந்த நாடு அது, படித்தால் ஏழை வீட்டுப் பையனும் மேலே வரலாம் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில் அம்மா, அப்பா, இருபக்கத் தாத்தா பாட்டி என ஆறு பேரின் எதிர்பார்ப்பும் ஒரே பிள்ளையின் தலையில் விழுந்தது.

ஜூன் மாதக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையைத் திட்டிய அம்மாவேதான், கொஞ்ச நேரத்தில் பழம் நறுக்கி மேசையில் கொண்டுவந்து வைப்பார். அன்பை வாய்விட்டுச் சொல்வது அங்கே குறைவு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் குத்திக்காட்டும் பழக்கத்தை மட்டும் என்னால் நியாயப்படுத்தவே முடியாது.