நாலரை மணிக்கு விழிப்பு வருகிறது, ஓடத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 39. மதுரையில் பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளாகக் காலையில் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வாரம் 30 கி.மீ. ஓடிக்கொண்டிருந்ததை ஒரே மாதத்தில் 55 ஆக்கினேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதில் 5 கிலோ குறைந்தது. மூன்று மாதமாக மாதவிலக்கு சரியாக வரவில்லை; ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் என்று தோழிகள் சொன்னார்கள். அக்டோபர் கடைசியில் வலது முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பில் வலி. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் மெல்லிய விரிசல் என்றார்கள். 8 வாரம் ஓடக் கூடாது. இப்போது மூன்றாவது வாரம். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, இருட்டைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன். மாமியார், “அப்பவே சொன்னேன், இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு ஓட்டம்னு” என்கிறார். மற்றவர்கள் எல்லாரும் “பாசிட்டிவா இருங்க” என்கிறார்கள். ஒரு தோழி, முழங்கால் ஆபரேஷன் முடிந்து 17 நாளில் ஓடி ஜெயித்த அமெரிக்கப் பெண்ணின் கதையை அனுப்பினாள். எனக்கு ஏன் அந்த மனஉறுதி வரவில்லை? ஜனவரிக்குள் தயாராக முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முடியாது. எட்டு வாரம் முடியும்போதே டிசம்பர் கடைசி வாரம் ஆகிவிடும். அதன்பின் ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை என்று ஆரம்பித்து, தொடர்ந்து அரை மணி நேரம் ஓடும் நிலைக்கு வரவே ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். 42.195 கி.மீ. என்பது அதற்கும் அப்பால். இன்றைக்கே அமைப்பாளர்களுக்கு எழுதி, பெயரை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பணம் போனது போகட்டும். ஓடலாமா வேண்டாமா என்ற இழுபறிதான் உங்களை நாலரைக்கு எழுப்பி விட்டத்தைப் பார்க்க வைக்கிறது என்பது என் ஊகம். முடிவெடுத்த அன்று நன்றாக அழுகை வரும். வரட்டும்.

அழுதால் எலும்பு ஆறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் எலும்பு கூடுவது நீங்கள் சிரித்த முகமாக இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்ததல்ல. வருத்தத்தோடும் அது கூடும். இத்தனை வருட அனுபவத்தில் நான் அதிகம் பயப்படுவது சோர்ந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்த்து அல்ல, நாலாவது வாரத்தில் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, “டாக்டர், வலியே இல்லை, நேற்று சும்மா 5 கி.மீ. ஓடிப் பார்த்தேன்” என்பவரைப் பார்த்துத்தான். இரண்டாம் முறை எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த உற்சாகப் பேர்வழிகளுக்கு.

ஏன் என்று சொல்கிறேன். ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்புகள் விழுவது இயல்பு. பழுதான பகுதியைத் தோண்டி எடுக்க ஒரு வகை செல்கள், புது எலும்பால் நிரப்ப இன்னொரு வகை செல்கள் என்று உடம்பு வைத்திருக்கிறது. நம் ஊரில் சாலை போடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். தோண்டுகிற கூட்டம் படு வேகம், மூன்று வாரத்தில் வேலையை முடித்துவிடும். மூடுகிற கூட்டத்துக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஒரே மாதத்தில் 30ஐ 55 ஆக்கினால், மூடாத பள்ளத்தின் மேல் லாரி போன மாதிரிதான். இப்போது வலி குறைவது பள்ளத்தில் மண் கொட்டியாயிற்று என்பதற்கான அடையாளம். தார் இன்னும் போடவில்லை.

உங்கள் தோழி அனுப்பிய கதை உண்மைதான். ஜோன் பெனாய்ட். 1984இல் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து 17ஆம் நாள் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஜெயித்து, அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். ஆனால் அது மூட்டில் செய்த சிகிச்சை. கூட வேண்டிய எலும்பு அங்கே எதுவும் இல்லை. எலும்பு விஷயத்துக்குப் பொருத்தமான ஆள் வேண்டுமென்றால் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப். 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி, 16 ஆண்டுகள் நிலைத்த சாதனையைப் படைத்தவர். 2008இல் அவருக்குத் தொடை எலும்பில் உங்களுடையதைப் போன்ற விரிசல். ஒலிம்பிக் காத்திருக்காது என்று அரைகுறைப் பயிற்சியோடு ஆகஸ்டில் பெய்ஜிங்கில் ஓடி 23ஆவதாக வந்தார். அதே நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் முதலிடம். அந்த இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே அவருடைய மனஉறுதி கூடிவிட்டதா என்ன? அது இரண்டு நாளும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். உடம்புக்கு இரண்டரை மாதம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகளுக்கு வருகிறேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தியது, மாதவிலக்கு வராதது. உங்கள் மனசு பற்றிய கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓட்டத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி, சாப்பாட்டைக் குறைத்தால், உடம்பு வரவு செலவு பார்க்க ஆரம்பிக்கும். இதயம், மூளை, மூச்சு என்று அன்றாடச் செலவுகளைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக் கூடியவை கருப்பையும் எலும்பும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், மாதவிலக்கு தள்ளும், எலும்பைக் கட்டும் வேலை மந்தமாகும். கூடவே தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. “எனக்கு மனஉறுதி இல்லை” என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, இந்த அம்மாவுக்கு முதலில் இரவுச் சாப்பாடு போட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஓடுகிற பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சகஜம் என்பது நிறையப் பேர் சொல்வதுதான், ஆனால் தவறு. அது பயிற்சியின் அடையாளமல்ல, பற்றாக்குறையின் அடையாளம்.

எனவே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வார். பிறகு தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி ஆகியவை. 39 வயதில் வேறு ஹார்மோன் காரணங்களும் இருக்கலாம். அவரே முடிவு செய்யட்டும். வைட்டமின் டி குறைவு என்று தெரிந்தால் 60,000 யூனிட் மருந்தை எத்தனை வாரம் எடுப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதைத் தினமும் ஒன்று என்று விழுங்கி, வாந்தியோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்றிரவே ஆரம்பியுங்கள். இட்லியோ தோசையோ சப்பாத்தியோ, வயிறு நிறைய, கூடவே முட்டை, சுண்டல், பனீர், மீன் என்று ஏதாவது ஒன்று. ஓடவில்லையே, எடை போட்டுவிடுமே என்று இந்த எட்டு வாரத்தில் பட்டினி கிடப்பதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. எலும்பு கட்டச் செங்கல் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 முதல் 360 வரை இருக்கிறது. 200 மில்லி பாலில் 240 போல. கேழ்வரகுக் கூழ், தயிர், எள்ளுப்பொடி என்று சேர்த்தாலே முக்கால்வாசி வந்துவிடும். நெத்திலிக் கருவாடு பிடிக்கும் என்றால் இன்னும் சுலபம்.

சரி, மனசு. ஓட்டம் உங்களுக்கு வெறும் உடற்பயிற்சியாக இருந்திருந்தால் இப்படித் தவித்திருக்க மாட்டீர்கள். ஓடி முடித்ததும் வரும் அந்த நிம்மதிக்கு மூளையில் ஊறும் ரசாயனங்கள் காரணம். நான்கு வருடம் விடாமல் எடுத்த மருந்தை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள். வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்கள் திடீரென நிறுத்தினால், இரண்டு வாரத்துக்குள்ளேயே சோர்வும் சிடுசிடுப்பும் தலைகாட்டுவது ஆய்வுகளில் பலமுறை பார்த்ததுதான். இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் மட்டும், “அம்மாவுக்குக் கால் வலிக்கிறது, அதனால் கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் புரியும்.

நாலரை மணி விழிப்பை விரட்டப் பார்க்காதீர்கள். எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலை நேரம்தான் நாள் முழுவதிலும் உங்களுக்கென்று இருந்த ஒரே ஒரு மணி நேரம் இல்லையா? மற்ற நேரமெல்லாம் பள்ளிக்கூடம், பிள்ளைகள், அடுப்பு. இப்போது ஓட்டம் இல்லை என்றதும் அந்த நேரம் சட்னி அரைக்கப் போயிருக்கும். என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு இப்படித்தான் நடக்கிறது. ஆண்களுக்குக் கால் அடிபட்டால் அந்த ஒரு மணி நேரம் போர்வைக்குள் போகும். பெண்களுக்கு அடுப்படிக்குள் போகும். கால் சரியான பிறகும் அதைத் திரும்ப மீட்பது லேசில்லை. அதனால் எழுந்திருங்கள், ஓடப் போவதைப் போலவே உடை மாற்றிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அதில் என்ன செய்வது? உங்கள் எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வலி இல்லாமல் மிதிக்க முடிந்தால் நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள். நீச்சல் தெரிந்தால் நீச்சல். ஆழமான நீச்சல் குளத்தில் இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, தரையில் கால் படாமல் தண்ணீருக்குள்ளேயே ஓடுவது இன்னும் நல்லது. தோள், முதுகு, வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பாய் விரித்துச் செய்யும் பயிற்சிகள் எப்போதும் உண்டு. நான்கு வாரம் சும்மா இருந்தாலும் மூச்சுத் திறன் கொஞ்சம்தான் குறையும். சைக்கிள் மிதித்தால் அதுவும் பெரும்பகுதி தங்கும். முதல் சில நாளிலேயே “உடம்பு போச்சு” என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் ரத்தத்தின் நீர் அளவு குறைவதுதான் காரணம். ஓட ஆரம்பித்ததும் அது திரும்பிவிடும். எண்ணெய் போட்டு அந்த எலும்பை நீவிவிடுவது மட்டும் வேண்டாம், யார் சொன்னாலும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடந்து பார்ப்பதும் வேண்டாம். வலிதான் இப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே மீட்டர்.

கிலோமீட்டர் எண்ணிப் பழகிய கைக்கு எண்ண ஏதாவது வேண்டும். ஒரு நோட்டில் தினமும் மூன்று எண்கள் எழுதுங்கள்: நடக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, எலும்பை விரலால் அழுத்தினால் எத்தனை, எத்தனை மணி நேரத் தூக்கம். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். இரண்டு வாரத்துப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினால்தான் போக்கு தெரியும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியையும் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பையும் இப்போதைக்கு மியூட்டில் போடுவது பொறாமை அல்ல, புத்திசாலித்தனம். மனசு கொஞ்சம் தெளிந்ததும், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தன்று தண்ணீர் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போய் நின்றால் கண் கலங்கும் என்றால் போக வேண்டாம், கட்டாயம் ஒன்றுமில்லை. எனக்கு ஒருமுறை கெண்டைக்கால் தசை கிழிந்தபோது குழு பக்கமே இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

மாமியாருக்கு நான் ஒரு வரி சொல்லலாமா? அம்மா, ஓடியதால் எலும்பு விரியவில்லை. ஒரே மாதத்தில் தூரத்தை ஏற்றி, சாப்பாட்டைக் குறைத்ததால் விரிந்தது. அளவாக ஓடும் 39 வயதுப் பெண்ணின் எலும்பு, ஓடாதவரின் எலும்பைவிட உறுதியாகவே இருக்கும். இரவில் உங்கள் மருமகள் சாப்பிட்டாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய வைத்தியம் என்னிடம் இல்லை.

திரும்ப ஓடும் தேதியைக் காலண்டரில் வட்டம் போடாதீர்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும் வலி இல்லை, எலும்பை அழுத்தினாலும் வலி இல்லை, மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஒற்றைக் காலில் குதித்தாலும் வலி இல்லை: இந்த மூன்றும் சேர்ந்த அன்று ஆரம்பிக்கலாம். உள்பக்க விளிம்பில் வரும் விரிசல் பொதுவாக நன்றாகக் கூடும் வகை. ஒருவேளை ஸ்கேனில் எலும்பின் முன்புற முகட்டில் என்று எழுதியிருந்தால் சொல்லுங்கள், அது வேறு கணக்கு, இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். முதல் மாதம் ஒன்று விட்டு ஒரு நாள்தான் ஓட்டம்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லை என்றால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும், அது ஓட்டம் நின்ற வருத்தமல்ல, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மனஸ் எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகளையும், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து.