டவுட்டுக்குள் புகுந்த ‘பி’

கேள்வி: ‘டவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லில், வாயில் வராத ‘பி’ எதற்கு? அதை விட்டுவிட்டு எழுதியதற்காக ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அரை மதிப்பெண் போய்விட்டது. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்றிருக்கும் ஆங்கிலத்தைவிட, எழுதியபடியே பேசுகிற தமிழ் எவ்வளவோ மேல் அல்லவா? இதற்கு நடுவில், ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதே தப்பான ஆங்கிலம் என்கிறார் என் மேலாளர். உண்மையா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: எழுதியபடியே பேசுகிற தமிழா? இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு வீட்டில் என்ன சொன்னீர்கள்? ‘கடிதம் எழுதிவிட்டேன், அஞ்சலில் சேர்த்துவிட்டு வருகிறேன்’ என்றா? ‘லெட்டர் எழுதிட்டேன், போட்டுட்டு வந்துடறேன்’ என்றுதானே? அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ‘பி’க்கு வருவோம்.

உங்கள் மகன் தப்பாக எழுதவில்லை. சுமார் 600 வருஷம் தாமதமாக எழுதிவிட்டான், அவ்வளவுதான். இந்தச் சொல் லத்தீனில் ‘டூபிடாரே’. அங்கே ‘பி’ நன்றாகவே ஒலித்தது. அது தேய்ந்து பழைய பிரெஞ்சில் ‘பி’ உதிர்ந்துபோனது. அந்த உதிர்ந்த வடிவத்தைத்தான் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. பேச்சிலும் ‘பி’ இல்லை, எழுத்திலும் இல்லை. யாருக்கும் தொந்தரவில்லை.

தொந்தரவு படித்தவர்களால் வந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் மோகம் தலைக்கேறிய காலத்தில், ‘இது லத்தீன் வீட்டுப் பிள்ளை, ஊருக்குத் தெரிய வேண்டாமா’ என்று ‘பி’யைத் திரும்பச் சொருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ‘பி’ வந்ததும், ‘ரிசீட்’டில் ‘பீ’ (p) என்ற இன்னோர் எழுத்து வந்ததும் இப்படித்தான். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? ‘ரிசீட்’டுக்குக் கொடுத்ததை அதே குடும்பத்து, ஏமாற்றைக் குறிக்கும் ‘டிசீட்’டுக்குக் கொடுக்காமல் விட்டார்கள். ‘ஐலண்ட்’ லத்தீன் சொல்லே இல்லை, அசல் பழைய ஆங்கிலம். அதற்கும் லத்தீன் வழி வந்த ‘ஐல்’ சொந்தம் என்று நினைத்து ஓர் ‘எஸ்’ஸை ஒட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் சொல்லில் கொஞ்ச காலம் ‘பி’ போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் புத்தி வந்து எடுத்துவிட்டார்கள்.

‘போட்ட எழுத்தை உச்சரித்தே ஆகவேண்டும்’ என்று அடம்பிடித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் (அச்சானது 1598) வரும் ஒரு பள்ளி வாத்தியார், ‘டவுட்’டிலும் ‘டெட்’டிலும் ‘பி’யை விழுங்கிப் பேசுகிறவர்களைத் திட்டித் தீர்க்கிறார். சிரிக்க வைப்பதற்காகவே எழுதிய பாத்திரம். உங்கள் மகனின் ஆசிரியர் அவ்வளவு தூரம் போகவில்லை என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

நம்மிடமும் இதற்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. ‘கரி’யையும் ‘கறி’யையும் நம்மில் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். எழுதும்போது மாற்றினால் அடுப்பில் இருப்பது இலைக்கு வந்துவிடும். ஆனால் ஒரு வித்தியாசம்: நம் ‘ற’ தமிழர் வாயில் தனியாக ஒலித்த எழுத்து. கன்னியாகுமரிப் பக்கம் இன்றும் காதில் விழும். ஆங்கில ‘டவுட்’டின் ‘பி’யோ பேச்சில் இல்லாமல் பேனாவில் பிறந்தது.

இருந்தாலும் அந்த ‘பி’ ஒரு நல்ல காரியம் செய்கிறது. சந்தேகத்துக்குரியது என்று பொருள்படும் ‘டூபியஸ்’ என்ற சொல்லில் அது வாய்விட்டு ஒலிக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது. அந்தக் குடும்பத்தின் மூலத்தில் இருப்பது ‘டுவோ’, அதாவது இரண்டு. இதுவா அதுவா என்று மனம் இரண்டுபட்டு நிற்பது. ஜெர்மன்காரர்கள் சந்தேகத்துக்குச் சொல்லும் ‘ட்ஸ்வைஃபெல்’லிலும் அவர்களுடைய இரண்டு, ‘ட்ஸ்வை’, உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் ஐயவினாவுக்கு என்ன உதாரணம் படித்தோம்? ‘அங்கே கிடப்பது பாம்பா, கயிறா?’ அங்கேயும் இரண்டுதான்.

உங்கள் மேலாளரின் பிரச்சினையும் இதில்தான் இருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அதில் ஐயவினா வேறு, அறியாவினா வேறு. ‘இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?’ என்பது அறியாவினா. பாம்பும் இல்லை, கயிறும் இல்லை, வெறுமனே தெரியவில்லை. நாமோ இரண்டுக்கும் ‘சந்தேகம்’ என்றே சொல்லிப் பழகி, அதை அப்படியே ‘டவுட்’ ஆக்கிவிட்டோம். லண்டன்காரர் காதில் அந்தச் சொல் ‘நம்பிக்கை இல்லை’ என்று விழும். அவருடைய திட்டத்தைப் பற்றி ‘எனக்கு ஒரு டவுட்’ என்றால் முகம் சுருங்கத்தான் செய்யும்.

அதற்காக இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். லத்தீனின் நேர் வாரிசான ஸ்பானிய மொழியில் ‘தெங்கோ ஊனா தூதா’ என்று கை தூக்குகிற மாணவனும் நம்மைப் போல ‘ஒரு டவுட்டு’ என்றுதான் சொல்கிறான். ஸ்காட்லாந்தில் இன்னும் வேடிக்கை: ‘மழை வருமென்று டவுட்’ என்றால், வந்துவிடும் போலிருக்கிறது என்று அர்த்தம். ‘அவர் வருவது சந்தேகம்தான்’ என்று நாம் சொல்வதற்கு நேர் எதிர். இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘அச்சம்’ என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர் வாயில் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேலாளர் எந்த ஊர்க்காரர் என்று நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் ‘கொஸ்டின்’ என்று கேட்டுவிட்டுப் போங்கள், வம்பில்லை. நம்மூர்க்காரர் என்றால், அவரும் ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து ‘சார், ஒரு டவுட்டு’ என்று கேட்டவர்தான்.