ஒரே ஆணையில் 57 நீதிபதிகள்

கேள்வி: துனிசியாவில் ஊழல் நீதிபதிகளை அதிபர் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் போய் நீதித்துறைச் சுதந்திரம் பறிபோய்விட்டது என்று கூப்பாடு போடுகிறார்கள். மக்கள் ஓட்டுப் போட்ட அதிபருக்கு அந்த அதிகாரம்கூடக் கிடையாதா? நீதிபதிகள் யாருக்குமே பதில் சொல்ல வேண்டாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதிபருக்கு அல்ல. அவர் அரசின் மீது வழக்கு வந்தால் அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தான்.

2022 ஜூன் 1 அன்று நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நீதிபதிகளை நேரடியாக நீக்கும் அதிகாரத்தை ஓர் ஆணை போட்டுத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார் அதிபர் கைஸ் சயீத். கையோடு 57 பேரை நீக்கினார். தனித்தனிக் குற்றப்பத்திரிகை இல்லை. யாரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்கவில்லை. குற்றவியல் வழக்கில் இறுதித் தீர்ப்பு வரும்வரை நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடவும் முடியாது என்று அந்த ஆணையே சொன்னது. ஆனாலும் அரசின் ஆணைகளை எதிர்த்து வரும் வழக்குகளை விசாரிக்கும் துனிஸ் நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் மாதம் அவர்களில் பெரும்பாலானோரின் நீக்கத்துக்குத் தடை விதித்தது. அரசு அதை மதித்ததா? இல்லை. அவர்களைத் திரும்பப் பணியில் சேர்க்காமல், நீதி அமைச்சகத்தை வைத்து அவர்கள் மேலேயே குற்ற வழக்குகளைத் தொடுத்தது. சயீத் யார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் அரசியல் சட்டம் கற்பித்தவர்!

இதற்கு நான்கு மாதம் முன்பே அடித்தளம் போட்டாயிற்று. நீதிபதிகளின் நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் கவனித்தது 45 பேர் கொண்ட உச்ச நீதிப் பேரவை. அதில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதைக் கலைக்கப் போவதாக பிப்ரவரியில் சயீத் அறிவித்தார். அடுத்த நாள் பேரவைக் கட்டடத்தைப் பூட்டி, ஊழியர்களை உள்ளே விடாமல் போலீஸ் நின்றது. மாற்றாக வந்த 21 பேர் கொண்ட தற்காலிகப் பேரவையில் 9 பேர் அவரே நேரடியாக நியமித்த ஓய்வுபெற்றவர்கள். இதில் அரசியல் கட்சிகளின் பாவமும் உண்டு. 2014 அரசியல் சட்டம் அமைக்கச் சொன்ன அரசியல் சட்ட நீதிமன்றத்தை ஆள் தேர்வுச் சண்டையிலேயே கடைசிவரை அமைக்காமல் விட்டார்கள். சயீத் வரம்பு மீறியபோது தட்டிக் கேட்க அப்படி ஒரு நீதிமன்றமே இல்லை.

எகிப்தில் இவ்வளவு சத்தம்கூட இல்லை. யஹ்யா அல்-தக்ரூரி என்ற நீதிபதியின் கதையைக் கேளுங்கள். திரான், சனாஃபிர் என்ற இரண்டு செங்கடல் தீவுகளைச் சவூதி அரேபியாவுக்குக் கொடுக்க அதிபர் சிசியின் அரசு ஒப்பந்தம் போட்டது. அது செல்லாது என்று 2016 ஜூனில் தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவர். மறு ஆண்டு, நிர்வாக நீதிமன்றங்களின் தலைமை அமைப்பான அரசுப் பேரவையின் தலைவராகப் பணிமூப்புப்படி அவர்தான் வந்திருக்க வேண்டும். அந்த ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது: இனி மூன்று பெயர்களை அனுப்ப வேண்டும், அதிலிருந்து அதிபர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அரசுப் பேரவை நீதிபதிகள் கூடி, மூன்று பெயர் கேட்ட அதிபருக்குத் தக்ரூரி என்ற ஒரே பெயரை எழுதி அனுப்பினார்கள். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சல்யூட்! ஆனால் அதற்கும் சட்டத்தில் வழி வைத்திருந்தார்கள். மூன்று பெயர் வராவிட்டால், பணிமூப்பில் முதல் ஏழு பேரில் ஒருவரை அதிபரே எடுத்துக்கொள்ளலாம். அப்படியே வேறொருவர் தலைவரானார். 2019-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி இந்த ஏற்பாட்டை உறுதியாக்கிவிட்டார்கள்.

தக்ரூரியை யாரும் சிறையில் போடவில்லை, பதவி நீக்கமும் செய்யவில்லை. ஆனால் அரசுக்கு எதிரான அடுத்த கோப்பு மேசைக்கு வரும்போது, எகிப்தில் எந்த நீதிபதிக்கு அவர் ஞாபகம் வராமல் இருக்கும்?

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். ஊழல் நீதிபதியை நீக்கத்தான் வேண்டும். அரசின் பிடியில் இல்லாத ஒரு பேரவை புகாரை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுதி முடிவு சொல்ல வேண்டும். அதன்மேல் அவர் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்க வேண்டும். அந்த 57 பேரில் உண்மையிலேயே லஞ்சம் வாங்கியவர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் யார், வாங்காதவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அடைத்தவர் நீங்கள் பாராட்டும் அதே அதிபர்தான்.