‘விர்ரென்றுப் பறந்தது’ என்பது சரியா?

நீங்கள் ‘விர்ரென்று பறந்தது’ என்று எழுதியதை மெய்ப்புத் திருத்தியவர் ‘விர்ரென்றுப் பறந்தது’ என மாற்றியது சரியா என்று கேட்டிருந்தீர்கள். ஒற்று வேண்டாம், ‘விர்ரென்று பறந்தது’ என்பதே சரி. அவர் சேர்த்த ‘ப்’ பிழை.

அவர் ‘விர்ரெனப் பறந்தது’ என்ற வடிவத்தை நினைத்துத் திருத்தியிருக்கக்கூடும். ‘என’ என்னும் எச்சத்தின்பின் வல்லினம் மிகும். ‘என்று’ மென்தொடர்க் குற்றியலுகரமாக (மெல்லின மெய்யை அடுத்த வல்லின எழுத்தின்மேல் குறுகி ஒலிக்கும் உகரமாக) முடியும் வினையெச்சமாதலால் அதன்பின் மிகாது.

‘என்று’ என்பதன்பின் ஐயம் எழும்போது அவ்விடத்தில் அதே வகை எச்சமான ‘வந்து’ என்று வைத்துப் பாருங்கள். ‘வந்துப் போனான்’ என்று யாரும் எழுதுவதில்லை அல்லவா? ‘சர்ரென்று பாய்ந்தது’, ‘குபீரென்று பொங்கியது’, ‘விறுவிறுவென்று சென்றார்’ ஆகியவையும் அவ்வாறே.

‘விர்ரென்று’ என்பதில் இரண்டு ரகரம் வருவதையும் கேட்டிருந்தீர்கள். தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வாராது என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்தே சொல்லப்படும் விதியாயினும், காற்றைக் கிழித்துச் செல்லும் ஓசையை எழுத்தில் பிடிக்க முயலும் இத்தகைய ஒலிக்குறிப்புகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. அந்த மீறலில்தான் வேகமே இருக்கிறது என்பது என் கருத்து. எனவே ஒரு ரகரத்தை நீக்கிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘விறுவிறு’ இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது. ஆகவே ‘விறு விறு’ என இடைவெளி விட்டு எழுதலாகாது. ‘விர்’ அப்படியன்று, அது தனித்தே நிற்கும்.