ஸ்ட்ராப் எதற்கு, சால்டர் ஏன் மங்கல்?

கேள்வி: மின்னணு போர்டு அசெம்பிளி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டுப் பட்டை) கட்டாமல் உட்கார்ந்தாலே சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். எனக்கு ஒருநாளும் ஷாக் அடித்ததில்லையே! இன்னொன்று, பாகங்களைப் போர்டில் ஒட்டவைக்க ஈயம் கலக்காத சால்டரை உருக்கி நான் வைக்கும் பற்று மங்கலாகவே வருகிறது. என் கை சரியில்லையா?
- ஒரு வாசகி

பதில்: ஸ்ட்ராப் முதலில் போர்டில் வைக்கிற ஐ.சி.க்காகத்தான் (சின்னச் சிப்) அம்மா. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை அது தரைக்கு இறக்கிவிடும். அந்த நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் வந்தால்தான் விரலில் சுளீரென்று தெரியும். சில ஐ.சி.க்கள் 100 வோல்ட்டுக்கும் கீழேயே அடிபட்டுவிடும். அடிபட்டது உடனே செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, டெஸ்டிங்கில் மாட்டிக்கொள்ளும். அரைகுறையாக அடிபட்டது பாஸாகி வெளியே போய்விடும். அப்புறம் யாரோ ஒரு நோயாளியின் தலைமாட்டில் இருக்கிற மானிட்டரில் நின்றுபோனால்? இதை நினைத்துத்தான் நான் புதியவர்களிடம் கண்டிப்பாக இருக்கிறேன். ஸ்ட்ராப்பைச் சட்டைக்கை மேல் கட்டாதீர்கள், தோலில் ஒட்டி இருக்கட்டும். அதன் ஒயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று இருக்கும். தவறி மின்சாரத்தில் கை பட்டாலும் உடம்பு வழியாக அதிகம் பாயாமல் தடுப்பது அதுதான். ஒயர் அறுந்தால் சாதா ஒயரை முடிந்து ஒப்பேற்றவே கூடாது.

மங்கலுக்கு வருவோம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. அதற்குப்பின் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த சால்டர் பரவலாகிவிட்டது. பழைய ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும்; இதற்கு 217 டிகிரியாவது வேண்டும். ஆறும்போது இது கொஞ்சம் சொரசொரப்பாக, மங்கலாகத்தான் இறுகும். அது குறையே இல்லை.

பளபளப்பை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். பேடில் (போர்டில் பற்று வைக்கும் உலோகப் பரப்பு) மெல்லிசாகப் பரவி, பாகத்தின் கம்பியின்மேல் சரிவாக ஏறியிருந்தால் நல்ல பற்று. தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம், சால்டரை அயர்ன் (சூடாக்கும் கருவி) முனையில் உருக்கி எடுத்துவந்து தடவுவது. வழியிலேயே சால்டருக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் எரிந்துபோகும், உலோகத்தைச் சுத்தம் செய்ய ஒன்றும் மிஞ்சாது. முனை பேடையும் கம்பியையும் சேர்த்துத் தொடட்டும். சால்டரை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள். முதலில் சால்டரை எடுங்கள், பிறகு அயர்னை. இறுகும்வரை போர்டை அசைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ரோசின் (மரப்பிசின்) ஃப்ளக்ஸ் புகை நாள்பட்டால் ஆஸ்துமாவில் கொண்டுவிடலாம். புகை உறிஞ்சும் குழாய் உங்கள் பற்றுக்குப் பக்கத்தில் இல்லையென்றால், தயங்காமல் சூப்பர்வைசரிடம் கேட்டு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.